தம்பியின் சீட்டில் போன வருடம் எஃப்32, இப்போது எஃப்31. மனநோய் வகைகள் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வெம்பக்கோட்டை | செவ்வாய், இரவு 9.40

நண்பர்களே, ஒரு குழப்பம். தம்பிக்கு 27 வயது. போன ஆடியில் ஆள் அப்படியே சுருண்டு படுத்துவிட்டான். வேலைக்குப் போகவில்லை, குளிக்கவில்லை, அம்மா தட்டில் போட்டு வைத்த சோறு காய்ந்து கிடக்கும். மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். டிப்ரஷன் என்றார். சீட்டின் ஓரத்தில் எஃப்32 என்று எழுதியிருந்தார். மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் எழுந்து நடமாடினான்.

மாசியில் எல்லாம் தலைகீழ். நான்கு நாள் பொட்டுத் தூக்கமில்லை, ஆனால் களைப்பே தெரியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மொபெட்டை வாசலில் பிரித்துப் போட்டு ஒவ்வொரு நட்டாக மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். சாத்தூர் காராச்சேவைத் துபாய்க்கு அனுப்பும் கம்பெனி ஆரம்பிக்கப் போவதாகத் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் பேச்சு. தவணையில் மூன்று செல்போன் வாங்கி, கூட வேலை பார்த்தவர்களுக்குச் சும்மா கொடுத்துவிட்டான். அம்மா, “பிள்ளை தெளிஞ்சிட்டான்” என்று சந்தோஷப்பட்டார். அப்பாவை அடிக்கக் கை ஓங்கியபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

அதே டாக்டர்தான். இப்போது சீட்டில் எஃப்31. பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு லித்தியம் என்று ஒன்று. சித்தப்பா, “அந்த ஆளுக்கே என்ன நோய்னு தெரியல, ஆறு மாசம் வச்சு ஏமாத்தியிருக்கான்” என்கிறார். இந்த எஃப் நம்பரெல்லாம் என்ன? மனநோயில் மொத்தம் எத்தனை வகை? வேறு டாக்டரைப் பார்க்கலாமா?

ரசம்சாதம் | செவ்வாய், இரவு 9.58

எஃப்31, எஃப்32 என்றால் டவுன் பஸ் நம்பர் மாதிரி இருக்கிறது. மன்னிக்கவும், தம்பி சீக்கிரம் தேறட்டும். எனக்கும் ஒன்று உண்டு, ஓசிடி. மேசையில் பேனா கோணலாக இருந்தால் எனக்கு வேலையே ஓடாது. அதற்கு என்ன நம்பர்?

வார்டு அக்கா | செவ்வாய், இரவு 10.45

வெம்பக்கோட்டை தம்பி, நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் 22 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எஃப் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், பத்தாம் பதிப்பில், மனநோய்களுக்கான அத்தியாயம். எஃப்-க்கு அடுத்து வரும் முதல் எண்தான் குடும்பம். 0 என்றால் மூளையிலோ உடம்பிலோ காரணம் கண்ணுக்குத் தெரிகிறது: முதுமை மறதி, காய்ச்சலில் பிதற்றுவது போன்றவை. 1 என்றால் குடி, கஞ்சா வகையறா. 2 மனச்சிதைவும், அதாவது ஸ்கிசோஃப்ரீனியாவும், அதன் பங்காளிகளும். 3 மனநிலை ஏறி இறங்குவது. 4 பெரிய கூட்டுக்குடும்பம், பயம், பதற்றம், ஓசிடி, அதிர்ச்சிக்குப் பின் வருவது எல்லாம் அதற்குள். 5-இல் சாப்பாட்டுக் கோளாறு, தூக்கக் கோளாறு. 6 ஆளுமைக் கோளாறு. 7, 8, 9 பெரும்பாலும் சின்ன வயதில் தெரிய வருபவை: அறிவு வளர்ச்சிக் குறைவு, ஆட்டிசம், ஓர் இடத்தில் உட்கார முடியாத குழந்தைகள்.

இந்த வரிசைக்கு ஓர் அர்த்தம் உண்டு. எங்கள் வார்டுப் பேராசிரியர் மாணவர்களிடம் சொல்வார்: “பூஜ்யத்தையும் ஒன்றையும் கழித்துவிட்டு வா, அப்புறம் இரண்டைப் பற்றிப் பேசலாம்.” ஒருவர் காதில் குரல் கேட்கிறது என்றால் முதலில் மூளைக் கட்டியா, வலிப்பா, தைராய்டா, சாராயமா என்று பார்க்க வேண்டும். அதெல்லாம் இல்லை என்ற பிறகுதான் மனச்சிதைவு என்ற பேச்சு.

2022 ஜனவரியிலிருந்து பதினோராம் பதிப்பு வந்துவிட்டது, அதில் எண்களே வேறு. ஆனால் கை பழகிய டாக்டர்கள் இன்னும் எஃப்தான் எழுதுகிறார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. எஃப்32 மனச்சோர்வு. எஃப்31 பைபோலார், இருதுருவ நோய். இரண்டுமே மூன்றாம் நம்பர் வீட்டுக்காரர்கள்தான். பைபோலார் நிறையப் பேருக்கு இறங்குமுகமாகத்தான் ஆரம்பிக்கும். ஏறுமுகத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்காமல் யாரும் அந்தப் பெயரை எழுத முடியாது. போன ஆடியில் உங்கள் தம்பியைப் பார்த்த எந்த டாக்டரும் எஃப்32 என்றுதான் எழுதியிருப்பார். மாசியில் நடந்ததைப் பார்த்துவிட்டும் எஃப்32 என்றே எழுதியிருந்தால்தான் நீங்கள் வேறு ஆளைத் தேட வேண்டும்.

பெயர் மாறியது வெறும் பெயருக்காக இல்லை. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் பைபோலார் உள்ள சிலருக்கு அதுவே ஏற்றிவிட்டுவிடும். அதனால்தான் அதை நிறுத்திவிட்டு, மனநிலையை நிலையாக வைக்கும் லித்தியத்தைக் கொடுத்திருக்கிறார். சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

வெம்பக்கோட்டை | செவ்வாய், இரவு 11.20

அக்கா, நன்றி. சித்தப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். “நர்ஸம்மாவாவது புரியிற மாதிரி சொல்லுது” என்றார். எங்கள் வீட்டில் இதுவே பெரிய சர்டிபிகேட்.

மீனாட்சிபுரம் | புதன், காலை 6.15

ரசம்சாதம், கோபித்துக்கொள்ளாதீர்கள், பேனாவை நேராக வைப்பது ஓசிடி இல்லை. என் அம்மாவுக்கு உண்டு, அதனால் சொல்கிறேன்.

அம்மா காலை நாலரைக்குக் குளியலறைக்குள் போனால் ஏழரைக்குத்தான் வெளியே வருவார். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுவார், பிறகு கழுவிய கையை, பிறகு கை பட்ட குழாயை, குழாயைக் கழுவியதால் மறுபடி கையை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். கேட்டால் அழுவார். “இது கிறுக்குத்தனம்னு எனக்கே தெரியுதுடி, விட முடியல” என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் மொத்த நோயும் இருக்கிறது. தான் செய்வது அர்த்தமில்லாதது என்று பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும். பேனா கோணலைச் சரி செய்தால் உங்களுக்கு ஒரு திருப்தி கிடைக்கிறது இல்லையா? அம்மாவுக்கு ஒருநாளும் திருப்தி கிடைத்ததில்லை.

தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். நல்ல பெயர்.

நாங்கள் எங்கே தப்புச் செய்தோம் என்றால், உதவி செய்தோம். அப்பா ஒரு நாளைக்கு முப்பது தடவை “சுத்தமாத்தான் இருக்கு” என்று சத்தியம் செய்வார். நான் வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே உடை மாற்றுவேன். வீடே அம்மாவின் நோய்க்கு ஊழியம் பார்த்தது. பிறகு ஓர் உளவியலாளரிடம் போனபோது அவர் முதலில் நிறுத்தச் சொன்னது அப்பாவின் சத்தியத்தைத்தான். பயிற்சி என்ன தெரியுமா? வாசல் மிதியடியைத் தொட்டுவிட்டுப் பத்து நிமிடம் கை கழுவாமல் உட்கார வேண்டும். அம்மா முதல் நாள் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். பத்து இருபதாகி, இருபது ஒரு மணி நேரமாக ஆறு வாரம் ஆனது. மாத்திரையும் கூடவே உண்டு. இன்றைக்கு அரை மணி நேரக் குளியல். முழுக்கப் போகவில்லை, ஆனால் போன தீபாவளிக்குப் பலகாரம் அவர் கையால்தான் செய்தார்.

ரசம்சாதம் | புதன், காலை 7.02

அக்கா, தெரியாமல் சொல்லிவிட்டேன். இனி அந்த வார்த்தையை அப்படிப் பயன்படுத்த மாட்டேன்.

தர்க்கம் | புதன், காலை 10.30

எல்லோரும் தலையாட்டுகிறீர்கள், நான் ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன். இந்தப் பட்டியல்களை யார் போடுகிறார்கள்? ஒரு குழு உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறது. 1973 டிசம்பர் வரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் பட்டியலில் தன்பாலீர்ப்பு ஒரு நோய். நீக்கினார்கள். எதிர்த்தவர்கள் விடவில்லை, அடுத்த வருடம் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பே நடந்தது. 58 சதவீதம் பேர் நீக்கியது சரி என்றார்கள். சர்க்கரை நோய் உண்டா இல்லையா என்று யாராவது ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்களா? உலக சுகாதார நிறுவனம் நீக்க 1990 ஆனது. அந்த இடைப்பட்ட வருடங்களில் எத்தனை பேருக்கு “வைத்தியம்” நடந்திருக்கும்?

இன்னொன்று. இழவுத் துக்கத்தையும் இப்போது பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கணவன் செத்து ஒரு வருடம் அழுதால் நோயாம். நம் ஊரில் பதினாறாம் நாள் காரியம், அப்புறம் மாதா மாதம், அப்புறம் தலைத் திவசம் என்று துக்கத்துக்கே ஒரு காலண்டர் வைத்திருந்தார்கள். அதற்கு மாத்திரையா? யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

மெடிக்கல் பாலு | புதன், மதியம் 2.10

மாத்திரைக் கடைக்காரன் பேசுகிறேன், லாபம் பார்ப்பவன் நான்தானே! தர்க்கம் சார் சொல்வதில் ஒரு விஷயம் என் கடையிலேயே நடக்கிறது. படபடப்பு, தூக்கமில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று அல்பிரசோலம் கேட்டு வருவார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது, கொடுத்தால் யாருக்குக் கொடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கொடுக்காவிட்டால் என்னிடம் சண்டை. அந்த மாத்திரை உடனே கேட்கும், அதுதான் அதன் ஆபத்து. மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமான படபடப்பு வரும், வலிப்புகூட வரலாம். அப்புறம் அதை விடவே பயம்.

அதே ஆளுக்கு ஒழுங்காகப் பார்த்தால் பேனிக் அட்டாக்காக இருக்கும். நெஞ்சு அடைக்கும், கை மரக்கும், செத்துவிடுவோம் என்று தோன்றும், பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். நடுராத்திரி ஆட்டோ பிடித்து மூன்று தடவை ஈசிஜி எடுத்தவர்கள் எனக்கே நாலைந்து பேர் தெரியும். முதல் தடவை ஈசிஜி எடுக்கத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. ஏழாவது தடவையும் எடுக்கிறார்கள் பாருங்கள், அதற்குத்தான் நோயின் பெயர் தெரிய வேண்டும் என்கிறேன்.

வார்டு அக்கா | புதன், இரவு 9.15

தர்க்கம் சார், நீங்கள் சொன்ன 1973 கதை உண்மை. வெட்கப்பட வேண்டியது எங்கள் துறை. ரத்தத்திலோ ஸ்கேனிலோ மனச்சிதைவைக் காட்டும் பரிசோதனை இன்று வரை கிடையாது என்பதும் உண்மை. அதனால்தான் நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். சோகம் யாருக்கும் வரும். பகல் முழுக்க, அநேகமாக எல்லா நாளும், இரண்டு வாரம் விடாமல் இருந்து சாப்பாடும் தூக்கமும் வேலையும் கெட்டால்தான் மனச்சோர்வு. ஏறுமுகம் ஒரு வாரம். இதெல்லாம் கோடு கிழித்த மாதிரி துல்லியம் இல்லை, ஆனால் கோடே இல்லாமல் இருப்பதைவிட மேல்.

துக்கத்தைப் பற்றிச் சொன்னீர்களே, பட்டியலையும் முழுதாகப் படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் பதிப்பு குறைந்தது ஆறு மாதம் என்கிறது, கூடவே அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறிப் போயிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, தலைத் திவசம் வரை அழும் ஊரில் தலைத் திவசம் வரை அழுவது நோய் இல்லை. மாத்திரை கொடு என்றும் அதில் எங்கும் சொல்லவில்லை.

பட்டியலே வேண்டாம் என்றால் என்ன மிஞ்சும் என்று நான் பார்த்திருக்கிறேன் சார். ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சும், பைத்தியம். குடியை நிறுத்திய மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்துகிறவனும் பைத்தியம், பிரசவமாகிப் பத்தாம் நாள் பிள்ளையைத் தூக்கிப் போடப் போனவளும் பைத்தியம், வலிப்பு வந்த பையனும் பைத்தியம். முதல் ஆளுக்கு வேண்டியது உடனே அட்மிஷன், தயமின் (வைட்டமின் பி1) ஊசி. விட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டாவது பெண்ணுக்கு அவசர சிகிச்சை கொடுத்தால் அநேகமாக முழுசாகத் தேறிவிடுவாள். மூன்றாவது பையன் எங்கள் வார்டுக்கே வர வேண்டியவன் இல்லை.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதியின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். யாருக்கு என்ன என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே சங்கிலி. 2017 மனநலச் சட்டம் சங்கிலியில் கட்டுவதையே தடை செய்திருக்கிறது. எனக்குப் பட்டியல் மேல் பக்தி ஒன்றும் கிடையாது. சங்கிலிக்குப் பட்டியல் தேவலாம், அவ்வளவுதான்.

தர்க்கம் | புதன், இரவு 10.05

ஏர்வாடி விஷயத்தில் வாதம் இல்லை. மருந்துக் கம்பெனி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆறு மாதக் கணக்கு எனக்குத் தெரியாது, படித்துப் பார்க்கிறேன்.

கொள்ளிடக்கரை | வியாழன், காலை 8.20

அக்கா சொன்ன பூஜ்யம் கணக்கு எங்கள் வீட்டில் நடந்தது. தாத்தாவுக்கு 81. ஒரு ராத்திரி திடீரென்று எழுந்து மாட்டைக் கட்ட வேண்டும் என்று கொல்லைப்புறம் போனார். மாடு வித்து இருபது வருடம் ஆச்சு. என்னைப் பார்த்து, இறந்துபோன அவர் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காற்றில் எதையோ பிடித்துப் பிடித்து எறிந்தார். காலையில் பார்த்தால் சாதாரணமாக இருக்கிறார், சாயங்காலம் மறுபடி. “வயசாச்சு, மறதி நோய், இனி இப்படித்தான்” என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். பாட்டி திருநீறு போட்டுக்கொண்டிருந்தார்.

திருச்சியில் ஒரு பொது மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை நாளா?” மூன்று நாள் என்றோம். “மறதி நோய் மூணு நாள்ல வராது, மாசக்கணக்குல ஊர்ந்து வரும்” என்றார். ரத்தம் எடுத்ததில் சோடியம் 118. இருக்க வேண்டியது 135-க்கு மேல். ரத்த அழுத்தத்துக்காகப் போட்ட நீர் மாத்திரை, கூடவே உப்பில்லாப் பத்தியம், இரண்டும் சேர்ந்து செய்த வேலை. ஐந்து நாளில் தாத்தா வீட்டுக்கு வந்து பேப்பர் படித்தார். நாங்கள் அவரை மனநோயாளி என்றே ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

வல்லிபுரத்தான் | வியாழன், மதியம் 12.40

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் ஒரு சொல் எனக்குக் குழப்பம் தரும். மன அழுத்தம் என்று எழுதுகிறார்கள். சில இடத்தில் அது ஸ்ட்ரெஸ், சில இடத்தில் டிப்ரஷன். இரண்டும் ஒன்றல்லவே? பரீட்சைக்கு முதல் நாள் இருப்பது அழுத்தம். அது முடிந்தால் போய்விடும். மனச்சோர்வு பரீட்சை முடிந்தாலும் போகாது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் “எல்லாருக்கும் தானே அழுத்தம் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எங்கள் பக்கம் கவுன்சலிங்கை உளவளத்துணை என்பார்கள், கேட்பதற்கே ஒரு ஆறுதல்.

மனவடு என்ற சொல்லும் எங்களிடம் நன்றாகப் புழங்குகிறது. ஏன் புழங்க வேண்டி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதிர்ச்சிக்குப் பின்னான நெருக்கீடு என்ற நோய் அமெரிக்கப் பட்டியலில் 1980-இல்தான் முதலில் வந்தது, வியட்நாமில் சண்டை போட்டுத் திரும்பிய வீரர்களைப் பார்த்து. அது ஒரு ஆளின் தலைக்குள் நடப்பதாக எழுதப்பட்டது. இங்கே உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரும் 2004 சுனாமியும் தின்ற ஊர்களைப் பார்த்துவிட்டு, காயம் பட்டது தனி ஆள் மட்டுமில்லை, குடும்பமும் ஊருமே என்று எழுதினார். எனக்கு அது சரியாகவே படுகிறது. என் பெரியம்மா இன்றைக்கும் வெடிச் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போவார், கல்யாண வீட்டு வெடி என்றாலும் சரி. அவரைத் தனியாகக் கூப்பிட்டு வைத்தியம் செய்யலாம். ஆனால் அந்தத் தெருவில் பாதிப் பேர் மேசையைத்தான் பார்ப்பார்கள்.

வசவும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். உங்களுக்குக் கீழ்ப்பாக்கம், எங்களுக்கு அங்கொடை.

வார்டு அக்கா | வியாழன், மதியம் 1.30

வல்லிபுரத்தான் தம்பி, மன அழுத்தம் பற்றி நீங்கள் சொன்னதை எங்கள் ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் படிக்க வேண்டும். மனச்சிதைவு என்ற சொல்லிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 1908-இல் ஸ்விட்சர்லாந்து டாக்டர் பிளாய்லர் வைத்த ஸ்கிசோஃப்ரீனியா என்ற பெயருக்குப் பிளந்த மனம் என்று அர்த்தம். அதைப் பிடித்துக்கொண்டு ஒரே உடம்பில் இரண்டு ஆள் என்று சினிமாக்காரர்கள் கிளப்பிவிட்டார்கள். மனச்சிதைவில் இரண்டு ஆளெல்லாம் கிடையாது. ஒரே ஆள்தான், அவருக்குக் காதில் குரல் கேட்கும், பக்கத்து வீட்டார் சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவார். நம் கண்ணுக்குப் படாத இன்னொரு பக்கம்தான் குடும்பத்தை உருக்கும்: பேச்சு குறைந்து, ஆசை குறைந்து, மூலையில் உட்கார்ந்துவிடுவார். சோம்பேறி என்று திட்டுவாங்குவதும் இதற்குத்தான். சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பை 1984-இல் தொடங்கிய டாக்டர் சாரதா மேனன் குடும்பங்களை உட்கார வைத்துத் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் அந்த அம்மா.

தாமிரபரணி | வியாழன், இரவு 8.50

ஒரு சந்தேகம். என் பெரியப்பா சுடலைமாடன் கோயில் சாமியாடி. முப்பது வருடமாகக் கொடையில் அவருக்குத்தான் அருள் வரும். தீப்பந்தத்தை மார்பில் அணைத்துக்கொள்வார், குறி சொல்வார். மறுநாள் காலை ஆறு மணிக்கு பலசரக்குக் கடையைத் திறந்து கணக்குப் பார்ப்பார், ஒரு ரூபாய் பிசகாது. அவருக்கும் ஒரு நம்பர் வைத்திருக்கிறார்களா?

வார்டு அக்கா | வியாழன், இரவு 9.30

இல்லை தம்பி. உடம்பில் வேறொன்று ஏறிக்கொள்ளும் நிலை பட்டியலில் இருக்கிறது, ஆனால் சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டில் நடப்பதை அதில் சேர்க்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் பெரியப்பாவுக்கு இடமும் நேரமும் தெரியும். கொட்டு நின்றால் சாமி மலையேறிவிடும்.

நான் பார்த்த ஒரு பெண், ஊர் பெயர் வேண்டாம், கல்யாணமாகி நாலாம் மாதத்திலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு, கணவன் வண்டிச் சத்தம் கேட்டதும், கண் சொருகி விழுவாள். ஆண் குரலில் மாமியாரைத் திட்டுவாள். கோயில் கோயிலாகப் போய், குணசீலத்தில் 48 நாள் தங்கி, கடைசியில் எங்களிடம் வந்தார்கள். அவள் நடிக்கவில்லை. வாயைத் திறந்து சொல்ல முடியாததை உடம்பு சொன்னது. அவளுக்கு மாத்திரை அதிகம் தேவைப்படவில்லை. அவள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கணவனையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினோம். தனிக்குடித்தனம் போனார்கள், பேய் அவர்களோடு போகவில்லை.

நெறியாளர் | வியாழன், இரவு 10.00

இழை நன்றாகப் போகிறது, நன்றி. ஒரே வேண்டுகோள்: யாரும் மாத்திரையின் மில்லிகிராம் அளவு கேட்கவோ சொல்லவோ வேண்டாம். தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டதால் சொல்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்களோ அவர்களோடு இருப்பவர்களோ 14416 என்ற எண்ணை அழைக்கலாம். டெலிமனஸ், அரசாங்கத்தினுடையது, 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள்.

இட்லிமாவு | வெள்ளி, காலை 6.40

யாரும் ஆளுமைக் கோளாறு பற்றிப் பேசவில்லையே? என் அத்தை மகளுக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கையைக் கீறிக்கொள்கிறாள். காலையில் அவளுக்கு நான்தான் தெய்வம், சாயங்காலம் நான்தான் துரோகி.

வார்டு அக்கா | வெள்ளி, காலை 7.20

நேற்றே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். வார்டில் எங்களுக்கே பொறுமை போகும் கேஸ் என்றால் அதுதான், வெளிப்படையாகச் சொல்கிறேன். “நாடகம்” என்று நாங்களே முணுமுணுத்திருக்கிறோம். அது நாடகம் இல்லை. தோல் இல்லாத உடம்பில் காற்று பட்டாலும் எரியும் இல்லையா, அவர்கள் மனது அப்படி. அதற்கென்றே டிபிடி என்ற பேச்சு சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், சின்ன வயதில் தானே அப்படிக் கிடந்து மருத்துவமனையில் இருந்தவர். 2011-இல்தான் வெளியே சொன்னார். பெரிய ஊர்களில் இந்த சிகிச்சை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். கீறுவதைப் பார்த்தால் கத்தாதீர்கள், காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு உட்காருங்கள். போதும்.

வெம்பக்கோட்டை | வெள்ளி, இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். இந்த முறை நான் தயாராகப் போனேன். எங்கள் அப்பாவழித் தாத்தாவின் தம்பி ஒருவர் “காசை அள்ளி வீசிவிட்டு அப்புறம் ஆறு மாசம் பேசாமல் படுத்திருப்பார்” என்று ஒரு கதை வீட்டில் உண்டு. சிரிப்புக் கதையாகத்தான் சொல்வோம். அதைச் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “இதை போன வருஷமே சொல்லியிருக்கலாமே” என்றார். கேட்கவில்லையே என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

அம்மா “கரண்ட் வைப்பாங்களா” என்று கேட்டுவிட்டார். இப்போது தேவையில்லை, அப்படியே வைத்தாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் வைக்க வேண்டும், கொடுக்காமல் வைப்பது சட்டப்படி குற்றம் என்றார். அம்மாவுக்கு முகம் தெளிந்தது.

தம்பி நேற்று ஏழு மணி நேரம் தூங்கினான். காலையில் எழுந்து வாசலில் கிடக்கும் மொபெட் பாகங்களைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதை யார்ணே இப்படி செஞ்சது” என்று கேட்டான். தெரிந்தேதான் கேட்டான். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பாதி மாட்டினோம். இரண்டு நட்டைக் காணவில்லை.

அக்கா, ஒரே சந்தேகம். திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு லித்தியம் லெவல் பார்க்க ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகலாமா?

வார்டு அக்கா | வெள்ளி, இரவு 8.40

போடாமல் போங்கள். ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை, பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம், கொடுத்த கையோடு காலை மாத்திரை. சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் மறந்துபோகும். அந்த சீட்டில் தைராய்டும் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

உங்கள் ஊர் வெயிலில் தண்ணீரும் உப்பும் குறையவே கூடாது. வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தாலோ, கை மோசமாக நடுங்கினாலோ, நடை தள்ளாடினாலோ அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் டாக்டருக்கு போன் போடுங்கள். முதுகு வலி, பல் வலி என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம், அதில் சிலது லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றிவிடும். இதைத் தம்பியிடமே சொல்லுங்கள், உங்களிடம் மட்டும் இருந்தால் போதாது.

மெடிக்கல் பாலு | வெள்ளி, இரவு 9.05

அந்த மொபெட் எந்த மாடல் என்று சொல்லுங்கள். என் கடைக்கு எதிரே பழைய உதிரிபாகம் விற்பவர் இருக்கிறார், நட்டைக் கேட்டுப் பார்க்கிறேன்.